பாடம் முன்னோ, கருவி முன்னோ?

எழுதுகருவி எழுத்தையே மாற்றிவிடும் என்பதற்குத் தமிழ் வரலாற்றில் நல்ல சான்று ஒன்று உண்டு. மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்றது தொல்காப்பியம். எகர ஒகரக் குறில்களும் புள்ளி பெறும் என்றது. ஆயினும் ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளியைக் காண்பதில்லை. எழுத்தாணியால் அழுத்திக் குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்று அஞ்சிப் புள்ளியை விட்டனர் என்பர் அறிஞர். அதனால் குறில் எது, நெடில் எது என்பதைப் படிப்பவரே உய்த்துணர வேண்டியதாயிற்று. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் ஏகார ஓகாரங்களுக்கு வேறு வடிவு வகுத்த பின்னரே அம்மயக்கம் நீங்கியது.

ஓலையைக் குறை கூறுவது நம் நோக்கம் அன்று. அது தாங்கியவற்றால்தான் சங்க இலக்கியம் நமக்குக் கிடைத்தது. ஆனால் எந்தக் கருவியும் சிலவற்றைத் தாங்கும், சிலவற்றை நழுவவிடும். இன்று ஆசிரியர் கையில் ஓலைக்கு மாறாகத் திரை இருக்கிறது. இணைய வகுப்புக்கென வந்துள்ள கருவிகள் தமிழ்ப் பாடத்தில் எதைத் தாங்குகின்றன, எதை நழுவவிடுகின்றன என்று நாம் ஆராய்ந்தோமா? ஆராயாமலே ஏற்றுக்கொண்டோம் என்பதே என் கருத்து.

ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங்கை எடுத்துக்கொள்வோம். பேராக்கின் ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம் தந்தும் மறைந்த பின்னர், பால்வெட்டி வாழ்ந்த குடும்பங்கள் பல இத்தகைய சுற்றுவட்டாரங்களில் குடியேறின. 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, பள்ளி இவர்களுடைய வீட்டுக்குள் வர வேண்டியதாயிற்று. நான் அறிந்த ஒரு வீட்டில் பிள்ளைகள் மூவர், கைத்தொலைபேசி ஒன்று. அதுவும் தந்தையுடையது. அவர் தொழிற்சாலைக்குச் சென்றால் அதுவும் உடன் செல்லும். காலை ஒன்பது மணிக்கு நேரலை வகுப்பு நடந்தது. கருவி மாலை ஏழு மணிக்கு வீடு திரும்பியது. அப்பிள்ளைகள் வருகைப் பதிவில் 'வராதோர்' ஆயினர். வராதது பிள்ளையா, கருவியா?

இஃது ஒரு வீட்டின் கதை மட்டும் அன்று. கல்வி அமைச்சு ஏறத்தாழ 9 இலட்சம் மாணவர்களைப் பற்றி 2020இல் எடுத்த கணக்கில், 36.9 விழுக்காட்டினரிடம் எந்தக் கருவியும் இல்லை; திறன்பேசி உடையோர் 46 விழுக்காட்டினர்; மடிக்கணினி உடையோர் 9 விழுக்காட்டினர்; மேசைக் கணினி உடையோர் 6 விழுக்காட்டினர். ஆகவே, பெரிய திரையையும் தடையற்ற இணைப்பையும் மனத்திற்கொண்டு பாடம் அமைத்த ஆசிரியர், வகுப்பின் சிறுபான்மையினர்க்கே பாடம் அமைத்தார்.

இங்கு ஒரு பழைய சட்டம் நினைவுக்கு வருகிறது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி அமைத்தல் வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அப்பள்ளிகளின் குறைகள் பல. எனினும், பிள்ளை இருக்கும் இடத்திற்குப் பள்ளி செல்ல வேண்டும் என்ற முறை அதில் இருந்தது. இணையக் கருவிக்கும் அதுவே முதல் அளவுகோல் ஆதல் வேண்டும். வகுப்பில் மிக எளிய கருவியை உடைய பிள்ளையிடம் அது சென்று சேருமா? சேராதெனில் அதன் பிற சிறப்புகளைப் பேசிப் பயனில்லை.

மேலிருந்து இறக்கப்படும் கருவி தானே வேரூன்றிவிடும் என்று எண்ணுவோர்க்கு நம் நாட்டிலேயே பாடம் உண்டு. பள்ளிகளை இணையத்தால் இணைக்க 2011இல் 1பெஸ்தாரிநெட் திட்டம் வந்தது. அதனுள் அமைந்த மெய்நிகர் கற்றல் தளத்தை ஆசிரியர், மாணவர், பெற்றோர் பயன்படுத்திய அளவு 0.01 முதல் 4.69 விழுக்காடு வரையே என்று தலைமைக் கணக்காய்வாளரின் 2013ஆம் ஆண்டறிக்கை சுட்டியது. 2019இன் நடுவில் அத்திட்டம் முடிந்து, கூகுள் வகுப்பறை அவ்விடத்திற்கு வந்தது. 2020 ஜூனில் டெலிமா தளம் வந்தது. பத்தாண்டுக்குள் மூன்று பெயர்கள். கருவி மாறும், பாடம் நிற்க வேண்டும். எந்தத் தளத்திலிருந்தும் எடுத்து வேறிடத்தில் வைக்கத்தக்க எளிய வடிவில், அதாவது ஒலிப்பதிவாகவோ தாளாகவோ, பாடத்தை ஆக்கிவைத்தவரே இழப்பின்றித் தப்புவார்.

இரண்டாவது அளவுகோல் செவி. தமிழ்த் தொடக்கக் கல்வியில் ஆசிரியர் சொல்ல, வகுப்பே ஒருங்கே பின்சொல்லுதல் நெடுநாளைய முறை. கூச்சமுள்ள பிள்ளை பிறர் குரலோடு தன் குரலைக் கலந்து துணிவு பெறுவது அதனாலே. வகுப்பறையில் பத்து மீட்டர் தொலைவை ஒலி கடக்க ஒரு நொடியில் நூற்றில் மூன்று பங்கே ஆகும். இணைய வழியிலோ, ஒருவர் குரல் மற்றவரை அடையப் பத்தில் ஒரு பங்கு, ஐந்தில் ஒரு பங்கு என்று நேரம் கடக்கிறது. இணைப்பு நலிந்தால் இன்னும் மிகும். அதன்மேல், நேரலைக் காணொலி மென்பொருள்கள் ஒருவர் குரலை முன்னிறுத்திப் பிறவற்றை இரைச்சலென அடக்கும் இயல்பின. கூட்டம் நடத்த அது நன்று. கூடிச் செய்யுள் ஓதுவதற்கு ஆகாது. முப்பது பிள்ளைகளை ஒருங்கே ஓதச் சொன்ன ஆசிரியர் கேட்டது என்ன என்பதை அவர்களே அறிவர்.

ஒலிப்புப் பயிற்சிக்கு விலையுயர்ந்த கருவி வேண்டும் என்பதும் தவறான எண்ணம். லகர ளகர ழகர வேறுபாட்டைக் காதுக்குக் காட்டும் கூறுகள், பழைய தொலைபேசி ஏற்கும் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் எல்லைக்குள்ளேயே பெரிதும் அடங்கும். ழகரத்தைக் கெடுப்பது கருவியின் எளிமை அன்று; இடையிடையே அறுந்துபோகும் ஒலி. புலனத்தில் அனுப்பும் ஒரு நிமிடக் குரல்பதிவு அறுவதில்லை. ஒரு மெகாபைட்டில் சிறு பங்கே கொள்ளும். ஒரு மணி நேர நேரலைக் காணொலியோ பல நூறு மெகாபைட்டுகளை விழுங்கும். அன்றியும், அப்பதிவைத் தந்தை வீடு திரும்பிய பின்னும் கேட்கலாம், மீண்டும் கேட்கலாம், பிள்ளை தன் குரலைப் பதிந்து விடையனுப்பலாம். மழைக்கும் பழத்திற்கும் நாவு எங்குத் தடுமாறுகிறது என்று ஆசிரியர் ஒவ்வொருவராய்க் கேட்கலாம். நாற்பது பேர் வகுப்பில் இவ்வாய்ப்பு முன்பு இருந்ததா?

மூன்றாவது அளவுகோல் கை. சொல்வதெழுதுதலைத் திறன்பேசியில் தட்டெழுதச் செய்தால் அது தேர்வு ஆகாது. பிள்ளை முதலெழுத்தைத் தட்டியதும் கருவியே சொல்லை நீட்டுகிறது. உரோமன் எழுத்தில் தட்டித் தமிழ் பெறும் முறையில் இன்னொரு கேடும் உண்டு. ழகரத்தைப் பிள்ளை ஓர் ஒலியாகவோ வடிவாகவோ நினையாமல், இரண்டு ஆங்கில எழுத்துகளின் கூட்டாக நினைக்கப் பழகுகிறது. 1999இல் சென்னை மாநாட்டின் பயனாக வந்த தமிழ் 99 விசைப்பலகையில் 12 உயிருக்கும் 18 மெய்க்கும் தனித்தனி விசைகள் உள்ளன. உயிரும் மெய்யும் சேர்ந்து உயிர்மெய் ஆகும் இலக்கணமே அங்குத் தட்டச்சு முறையும் ஆகிறது. தட்டெழுதக் கற்பிக்க விரும்புவோர் அதனைக் கொள்ளுதல் தகும். முரசு அஞ்சலையும் செல்லினத்தையும் ஆக்கியளித்த முத்து நெடுமாறனைப் பெற்ற நாட்டில், தமிழ் உள்ளீட்டுக்கு வழியில்லை என்று எவரும் கூற இயலாது. ஆனால் எழுத்துப் பயிற்சி தாளிலேயே நடக்கட்டும். எழுதிய தாளைப் படம் பிடித்து அனுப்பினால் போதும்.

எந்திரம் விடை திருத்துவதையும் கண்ணை மூடி நம்புதல் கூடாது. ஒருங்குறியில் 'கொ' என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம்; கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் ஏற்பாடு இல்லாத மென்பொருள், சரியான விடைக்குப் பிழை போடும். பிள்ளை தன் தமிழ் தவறு என்று எண்ணி வருந்தும். விரைவுக்குப் புள்ளி தரும் கஹூட் போன்ற வினாவிளையாட்டுகளிலும் இத்தகைய குறை உண்டு. சொற்பொருளை நினைவுபடுத்த அவை உதவும். ஆனால் ஒரு பத்தியை நின்று படித்து எண்ணிப் பார்க்கும் பிள்ளை அங்குத் தோற்கிறது. ஊகித்து முந்தியது வெல்கிறது. இலக்கியம் கற்பிக்கும் நாம் இதையா ஊக்குவது?

இவ்வளவும் கேட்டு, 'நேரலை வகுப்பே வேண்டாவா?' என்று வினவுவோர் இருப்பர். வேண்டும். தனித்திருந்த பிள்ளைகளுக்கு ஆசிரியர் முகமும் தோழர் முகமும் காண்பது பெருந்துணையாயிற்று. அதனை யான் மறுக்கவில்லை. ஐயம் தீர்க்கவும், கதை கேட்கவும், கலந்து பேசவும் வாரத்திற்கு ஒருமுறை, பெற்றோர் வீட்டில் இருக்கும் வேளையில் அது நடக்கட்டும். குரல்பதிவுகளைக் கேட்பது ஆசிரியர்க்குச் சுமை என்பதும் உண்மையே. முப்பது பிள்ளைகளின் பதிவுகள் என்றால் கேட்க மட்டுமே அரை மணி நேரம் ஆகும். நாளுக்கு அறுவர் என முறைவைத்துக் கேட்டால், ஐந்து நாளில் அனைவரையும் கேட்டுவிடலாம். எல்லாரையும் நாள்தோறும் திரையில் பார்த்து ஒருவரையும் கேளாமல் விடுவதினும் இது மேல்.

பெருந்தொற்று நீங்கியது, இனி இவ்வாராய்ச்சி எதற்கு என்று விட்டுவிடல் ஆகாது. புகைமூட்டமும் வெள்ளமும் பள்ளியை மூடும் போதெல்லாம் வகுப்பு வீட்டிற்கே திரும்புகிறது. அந்த நாள் வருமுன், ஒவ்வொரு பள்ளியிலும் தமிழாசிரியர்கள் கூடியமர்ந்து மூன்று வினாக்களுக்கு விடை எழுதிவைத்தல் வேண்டும். நம் வகுப்பில் எந்தப் பிள்ளைக்கு எந்தக் கருவி, எந்நேரத்தில் கிடைக்கும்? நாளைய பாடம் செவிக்கு உரியதா, கைக்கு உரியதா, கருத்துக்கு உரியதா? அதற்குப் போதுமான மிக எளிய கருவி எது? இவ்வரிசையில் வினவினால் விடை பெரும்பாலும் விலை குறைந்ததாகவே இருக்கும்.

ஓலையில் புள்ளி விடுபட்டபோது, எழுதியவர்க்கு வேறு வழியில்லை. நமக்கு வழி உண்டு. ஜெலாப்பாங்கில் மாலை ஏழு மணிக்குத் தந்தையின் வருகையை எதிர்நோக்கி வாயிலில் நிற்கும் பிள்ளை, நம் கணக்கில் விடுபட்ட புள்ளி ஆகிவிடக் கூடாது.