விளக்கணையாத வீடு

"ஃபாதர், கணினித் திரையைப் பார்த்துக்கொண்டே பேயோட்ட முடியுமா?" காரமடையில் எம் பங்கு இளையோர் கூட்டத்தில் ஒரு மாணவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. 2022 டிசம்பரில் வெளியான 'கனெக்ட்' என்னும் திரைப்படத்தை அவர் பார்த்திருந்தார். கொரோனா ஊரடங்குக் காலம். ஒரு கிறிஸ்தவக் குடும்பம். மருத்துவரான தந்தை நோயாளிகளுக்குப் பணியாற்றித் தொற்றுக்குப் பலியாகிறார். இறந்த தந்தையோடு பேச ஏங்கி ஆவிகளை அழைக்கும் மகளைத் தீய ஆவி பற்றிக்கொள்கிறது. தாயாக நயன்தாராவும், தொலைவிலிருந்து இணைய வழியில் பேயோட்டும் குருவாக அனுபம் கேரும் நடித்துள்ளனர்.

மாணவருக்கு நான் சட்டத்தை எடுத்துக் கூறினேன். திருச்சபைச் சட்டம் 1172இன்படி, ஆயரின் தனிப்பட்ட, வெளிப்படையான அனுமதியின்றி எந்தக் குருவும் பேயோட்டுதலை நிகழ்த்த இயலாது. 1999இல் வெளியிடப்பட்ட சடங்கு நூலின் முன்னுரையோ, நோயால், அதிலும் மனநோயால், வருந்துபவரைப் பேய் பிடித்தவர் என எளிதில் நம்பிவிடலாகாது என்றும், தேவைப்படின் மருத்துவ வல்லுநரைக் கலந்துகொள்ள வேண்டும் என்றும் எச்சரிக்கிறது. விடை சரியானதுதான். ஆயினும் அன்றிரவு எனக்கு நிறைவு ஏற்படவில்லை. அதே இயக்குநர் அஸ்வின் சரவணன் 2019 ஜூனில் அளித்த 'கேம் ஓவர்' படத்தையும் பார்க்குமாறு இளையோர் கூறவே, அதையும் பார்த்தேன். இக்கட்டுரை அப்படத்தைப் பற்றியது.

அதன் நாயகியின் பெயர் சொப்னா. கனவு என்று பொருள். டாப்ஸி நடித்துள்ளார். முந்தைய ஆண்டின் புத்தாண்டு இரவில் கொடியவர்களால் சீரழிக்கப்பட்டவள் அவள். அந்த நாள் மீண்டும் நெருங்க நெருங்க, உடலே நாட்காட்டியாகி நடுங்குகிறது. இருளைக் கண்டால் மூச்சு முட்டுகிறது. ஆகவே அவள் வீட்டில் விளக்குகள் அணைவதில்லை. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று, கால்கள் முறிந்து, சக்கர நாற்காலியில் அடைபடுகிறாள். உடனிருப்பவர் கலாம்மா என்னும் பணிப்பெண் மட்டுமே. அந்நிலையில் ஓர் இரவு கொலைஞர்கள் வீட்டைச் சூழ்கின்றனர். அவள் கொல்லப்படுகிறாள், திடுக்கிட்டு விழிக்கிறாள், அதே இரவு மறுபடியும் தொடங்குகிறது. கனவெது, நனவெது என்று அவளுக்கும் தெரியவில்லை, நமக்கும் தெரியவில்லை.

அச்சப் படங்கள் பலவற்றில் கனவு ஒரு தந்திரம். நம்மைத் துள்ள வைத்துவிட்டு, 'வெறும் கனவு' என்று கைகழுவிவிடும். இப்படம் அவ்வாறு செய்யவில்லை. துன்புற்றவரின் கொடுங்கனவு உண்மையிலேயே இவ்வாறுதான் இயங்குகிறது: நடந்து முடிந்தது முடியாமல் திரும்பத் திரும்ப நடக்கிறது. வெளியே நிற்பவர்க்கு அது கடந்த காலம். உள்ளே இருப்பவர்க்கு அது இன்றிரவு. 1984இல் வெஸ் கிரேவன் இயக்கிய அமெரிக்கப் படமான 'எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்' நினைவுக்கு வருகிறது. அதில் கனவில் கொல்லப்படும் இளைஞர் நனவிலும் இறக்கின்றனர். காரணம் என்ன? ஒரு கொலைகாரனைப் பெற்றோர் கூடித் தீயிட்டுக் கொன்று, அதை மறைத்துவிட்டனர். மூத்தோர் வாய்திறந்து கூறாதது, பிள்ளைகளின் தூக்கத்தில் வந்து பேசுகிறது.

விவிலியத்தில் யாக்கோபின் ஏணியையும் யோசேப்பின் கனவுகளையும் நாம் விரும்பிப் போதிக்கிறோம். யோபுவின் கொடுங்கனவைப் போதிப்பதில்லை. படுக்கையாவது ஆறுதல் தரும் என்று நம்பிச் சாய்ந்தால், அங்கும் கனவுகளால் திகிலூட்டுகிறீரே என்று அவர் கடவுளிடமே முறையிடுகிறார் (யோபு 7:13-14). அவருடைய நண்பர் எலிப்பாசுக்கும் இரவில் உடல் நடுங்கும் காட்சி ஒன்று வந்தது. ஆனால் அவர் தம் நடுக்கத்தை ஒரு மறையுரையாக்கி, யோபுவின் தலையில் சுமத்தினார். இறுதியில் கடவுள் சினந்துகொண்டது எலிப்பாசு மீதே, அலறியவர் மீதன்று.

இங்கே என் குற்றம் ஒன்றையும் அறிக்கையிட வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு பங்கில் நான் பணியாற்றியபோது, பஞ்சாலையில் இரவு முறை வேலை பார்த்த ஒரு பெண்ணை அவளுடைய தாய் அழைத்து வந்தார். "சாமி, ராத்திரியானா புள்ள அலறுதுங்க. பேய் கீய் அண்டியிருக்குமுங்களா?" என்றார். நான் செபித்தேன், தீர்த்தம் தெளித்தேன், அந்தோணியார் பதக்கம் ஒன்றைக் கொடுத்து அனுப்பினேன். அவளிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. சில மாதங்கள் கழித்து அருள்சகோதரி ஒருவர் பொறுமையாக அவளருகில் அமர்ந்து கேட்டபோதுதான், வேலையிடத்தில் அவளுக்கு நேர்ந்த கொடுமை வெளிப்பட்டது. என் செபம் தவறன்று. கேளாமல் செபித்தது தவறு. அன்று நான் எலிப்பாசாக இருந்தேன்.

இவ்விரு படங்களையும் ஒப்பிட்டு நான் கூற விரும்புவது இதுவே. சிலுவைகளும் செபங்களும் நிறைந்த 'கனெக்ட்' படத்தைவிட, சிலுவையை முன்னிறுத்தாத 'கேம் ஓவர்' நம் நம்பிக்கைக்கு நெருக்கமானது. முன்னதில் தந்தையை இழந்த சிறுமியின் துயரம் தொடக்கத்தில் தலைகாட்டிவிட்டு, பேய் வந்ததும் பின்னுக்குப் போய்விடுகிறது. தீமை வெளியிலிருந்து வருகிறது, சடங்கால் வெளியேறுகிறது. பின்னதிலோ காயத்திற்கு ஒரு வரலாறு உண்டு. அதைக் கேட்கவும் ஆளுண்டு.

அதன் நடுவே ஓர் அரிய கற்பனை உள்ளது. சொப்னாவின் கையில் குத்திய பச்சை காரணமின்றி வலிக்கிறது. அதன் மையில் அமுதா என்னும் இறந்த பெண்ணின் சாம்பல் தவறுதலாகக் கலந்துவிட்டது என்று தெரியவருகிறது. புற்றுநோயோடு மீண்டும் மீண்டும் போராடி எழுந்து, பின்பு கொலைஞர்களால் மடிந்தவள் அமுதா. அருவருப்போடு அதை அழித்துவிடத் துடித்த சொப்னாவை, அமுதாவின் தாய் சந்தித்து மகளின் கதையைக் கூறுகிறார். அதன்பின் அந்தச் சாம்பல் சுமையன்று, துணை. நம்பிக்கை அறிக்கையில் புனிதர்களின் சமூக உறவை ஞாயிறுதோறும் நாம் அறிக்கையிடுகிறோம். துன்பத்தில் நமக்கு முன் சென்றவர், துன்புறும் நம்மோடு நிற்கிறார் என்பதே அதன் பொருள். இயக்குநர் இதை எண்ணினாரோ இல்லையோ, படம் அதைத் தொட்டுவிடுகிறது.

குறைகளும் உண்டு. கணினி விளையாட்டில்போல் நாயகிக்கு மூன்று உயிர்கள் அளிப்பது விறுவிறுப்புக்கு உதவலாம். ஆனால் மானிடர்க்கு மரணம் ஒருமுறையே. நம் கண்ணெதிரே காயமுற்ற பெண்ணுக்கு மறு ஆட்டம் கிடையாது. நாம் இன்று கேட்டால்தான் உண்டு. மேலும், கொலைஞர்களைக் கொன்றதும் கொடுங்கனவு ஒழிந்தது போன்று படம் முடிகிறது. உயிர்த்த ஆண்டவரின் கைகளிலோ ஆணித் தழும்புகள் இருந்தன. தோமாவிடம் அவர் அவற்றை மறைக்கவில்லை. உயிர்ப்பு காயத்தை இல்லாமற் செய்வதன்று. தொட அனுமதிக்கக்கூடிய காயமாக மாற்றுவது.

பாஸ்கா விழிப்பு இரவில் ஒரேயொரு திரியோடு நாம் இருண்ட ஆலயத்தினுள் நுழைகிறோம். எல்லா விளக்குகளையும் நாம் உடனே ஏற்றிவிடுவதில்லை. முதலில் இருளில் சேர்ந்து நிற்கிறோம். பின்னரே ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குச் சுடர் செல்கிறது. சொப்னாவின் வீட்டில் விளக்குகள் எரிந்துகொண்டே இருந்தன. ஆயினும் அவள் அச்சம் தீரவில்லை. உடன் நிற்க ஆள் வந்தபோதே அவள் இருளை எதிர்கொண்டாள்.

அன்பு வாசகர்களே, உங்கள் இல்லத்தில் யாரேனும் இரவில் அலறினால், எங்களிடம் அழைத்து வாருங்கள், செபிக்கிறோம். மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள். ஆனால் இவ்விரண்டிற்கும் முன், அருகில் அமர்ந்து, "என்ன நடந்தது?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை எழுந்துவிடாதீர்கள்.