கடைசிக் கையெழுத்து யாருடையது?

மீளவே முடியாத நிலையில் தனக்கு என்ன சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமை இந்தியர்களுக்கு 2018 மார்ச் 9 அன்று கிடைத்தது. கிடைத்ததே தவிர, பயன்படுத்தத்தான் வழியில்லை. 'காமன் காஸ்' அமைப்பு 2005இல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி தீபக் மிஸ்ரா தலைமையிலான ஐந்து நீதிபதிகள், கண்ணியமாகச் சாவதும் வாழ்வுரிமையில் அடக்கம் என்றார்கள். 'லிவிங் வில்' எனப்படும் மருத்துவ உயிலையும் ஏற்றார்கள். ஆனால், அதில் ஜூடிஷியல் மாஜிஸ்திரேட் கையெழுத்திட வேண்டும். நோயாளி நினைவிழந்த பிறகு ஆஸ்பத்திரியின் குழு கூட வேண்டும், அடுத்து கலெக்டர் அமைக்கும் குழு கூட வேண்டும், கடைசியில் மாஜிஸ்திரேட்டே வந்து நோயாளியைப் பார்க்க வேண்டும். அதுவரை மரணம் காத்திருக்கும் என்று யார் நம்பினார்களோ!

தீவிர சிகிச்சை மருத்துவர்களின் சங்கம் மீண்டும் நீதிமன்றத்தை நாடியது. 2023 ஜனவரி 24 அன்று நீதிபதி கே.எம். ஜோசப் தலைமையிலான அமர்வு நடைமுறையைத் தளர்த்தியது. இப்போது இரண்டு சாட்சிகளும் ஒரு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியும் போதும். மருத்துவக் குழுக்கள் இரண்டும் முடிந்தவரை 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் தெரிவித்தால் போதும். விஷ ஊசி போடுவது அன்றும் குற்றம், இன்றும் குற்றம். பேச்சு முழுக்கச் சிகிச்சையை நிறுத்துவது பற்றியதுதான்.

இப்படியொரு தாள் ஏன் தேவை என்பதற்கு அருணா ஷான்பாக்கின் கதை போதும். மும்பை கே.இ.எம். மருத்துவமனைச் செவிலியரான அவர் 1973 நவம்பரில் தாக்கப்பட்டு மூளை சிதைந்தார். 2015 மே மாதம் நிமோனியாவில் இறக்கும்வரை, சுமார் 42 ஆண்டுகள் அங்கேயே கிடந்தார். உணவை நிறுத்த அனுமதிக்கக் கோரி எழுத்தாளர் பிங்கி விரானி வழக்குத் தொடுத்தார். அருணாவைப் பராமரித்துவந்த மருத்துவமனை ஊழியர்களோ அவர் வாழட்டும் என்றார்கள். 2011இல் நீதிமன்றம் ஊழியர்கள் பக்கம் நின்றது. இரு தரப்புக்கும் அவர்மேல் அக்கறை இருந்தது. அருணா எதை விரும்பியிருப்பார் என்பதற்குத்தான் எழுத்தில் எந்தச் சான்றும் இல்லை.

ஆனால், எழுதிவைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? அரை நூற்றாண்டு அனுபவமுள்ள அமெரிக்காவின் பதில் உற்சாகம் தருவதாக இல்லை. கலிஃபோர்னியா 1976லேயே இதற்குச் சட்டம் இயற்றியது. 2004இல் ஆய்வாளர்கள் ஏஞ்சலா ஃபேகர்லின், கார்ல் ஷ்னைடர் இருவரும் மருத்துவ உயில் தோற்றுவிட்டது என்றே கட்டுரை எழுதினார்கள். பலர் எழுதுவதில்லை, எழுதுபவர்களுக்கும் வரப்போகும் நோயில் தமக்கு என்ன தேவைப்படும் என்று தெரிவதில்லை, எழுதியதோ தேவைப்படும் நேரத்தில் மருத்துவர் கைக்குப் போய்ச் சேர்வதில்லை என்பது அவர்களின் வாதம்.

இரண்டாவது குறைதான் ஆழமானது. "வென்டிலேட்டர் வேண்டாம்" என்று எழுபது வயதில் ஒருவர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நிமோனியா வந்தால் சில நாள் வென்டிலேட்டரில் இருந்துவிட்டு அவர் நடந்தே வீடு திரும்பலாம். உயில் மீள முடியாத நிலைக்கு மட்டுமே பொருந்தும் என்பது ஐ.சி.யூ. வாசலில் பதறி நிற்கும் மகனுக்கு நினைவிருக்குமா? மறதி நோயிலோ சிக்கல் தலைகீழ். பல ஆண்டுகள் இழுக்கும் அந்த நோயில் உணவூட்டும் குழாய் பொருத்துவதா வேண்டாமா என்ற கேள்வியே முதலில் வரும். வென்டிலேட்டரை மட்டும் நினைத்து எழுதிய உயிலில் அதற்கு விடை இருக்காது.

நம் ஊரில் இன்னொரு முரண். உயிலுக்கு இத்தனை காவல் போட்டிருக்கிறோம். நடைமுறையிலோ "கையெழுத்துப் போட்டு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க" என்ற ஒரு வரியில் எத்தனையோ உயிர்களின் கடைசி முடிவு எடுக்கப்படுகிறது. மருத்துவருக்கு வழக்கு பயம், குடும்பத்துக்குப் பில் பயம். நோயாளியின் விருப்பத்தை யாரும் கேட்பதில்லை. மருத்துவ ஆலோசனைக்கு எதிராக அழைத்துச் செல்வதாக எழுதிக் கொடுத்த பிறகு, வழியிலோ வீட்டிலோ வலிமருந்துகூட இல்லாமல் மூச்சுத் திணறி முடிகிறது. முதியவர்களின் சாவை வீட்டாரே விரைவுபடுத்தும் தலைக்கூத்தல் இன்னும் மறக்கப்படாத மண்ணில், சொத்துக்காகவோ சுமை தாளாமலோ முதியவர்களை அவசரப்படுத்துவார்கள் என்ற அச்சத்தை வீண் என்று தள்ளவும் முடியாது. ஆனால் இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்த்துச் சொல்லும் முடிவைவிட, ரகசியமாக எடுக்கப்படும் முடிவுதான் ஆபத்தானது.

உயிலின் பிரதியைப் பாதுகாக்க உள்ளாட்சி அமைப்புகள் ஓர் அதிகாரியை நியமிக்க வேண்டும் என்கிறது தீர்ப்பு. அதைச் செய்யவைக்கவே மும்பை மருத்துவர் நிகில் தாதர் உயர் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. கோவாவில் முதல் உயிலைப் பதிந்தவர் ஓர் உயர் நீதிமன்ற நீதிபதி, எம்.எஸ். சோனக், 2024இல். கர்நாடக அரசு 2025 ஜனவரியில் மருத்துவக் குழுக்கள் அமைக்க ஆணையிட்டது. தமிழ்நாட்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வலி தணிப்புச் சிகிச்சையை வீட்டுக்கே கொண்டுவருகிறது; அது பலப்படாமல் மருத்துவ உயில் மட்டும் பரவினால், சிகிச்சையை மறுக்கும் உரிமை வலியோடு சாகும் உரிமையாகிவிடும்.

ஆகவே எழுதத்தான் வேண்டும். ஆனால் உயிலின் உயிர்நாடி சிகிச்சைப் பட்டியலில் இல்லை, உங்களுக்காகப் பேசப்போகிறவரின் பெயரில் இருக்கிறது. அது மூத்த மகனாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஒன்றுக்கு மேற்பட்டவர்களையும் குறிப்பிடலாம். டயாலிசிஸுக்குக் கூடவே வரும் மகளுக்குத்தான் உங்கள் மனம் தெரியும் என்றால் அவர் பெயரை எழுதுங்கள். எழுதும் முன் அவரிடம் பேசுங்கள். எழுதிய பின் மற்றப் பிள்ளைகளிடமும் குடும்ப மருத்துவரிடமும் ஆளுக்கொரு பிரதி கொடுத்துவிடுங்கள்.