சுடலை பிறந்த வீடு

இந்து மதத்தின் அடிப்படைகளைச் சொல்லித்தருவதாகத் தமிழில் வரும் அறிமுகப் புத்தகங்கள் ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் போகும். வேதம், கர்மம், மறுபிறவி, மோட்சம், மும்மூர்த்திகள். கடைசியில் போனால் போகட்டும் என்று 'கிராம தேவதைகள்' பற்றி இரண்டு பக்கம். இந்த வரிசையைச் சாத்தான்குளம் வட்டாரத்தில் வைத்து வாசித்தால் அது எவ்வளவு தூரம் தாங்கும் என்று பார்ப்பதே என் நோக்கம்.

ஊர்ப்பெயரிலேயே சிக்கல் தொடங்கிவிடுகிறது. தமிழ் பைபிள் வாசித்தவருக்குச் சாத்தான் என்றால் பிசாசு. மணிமேகலையைத் தெரிந்தவருக்குச் சீத்தலைச் சாத்தனார் ஞாபகம் வருவார். சாத்தன் ஒரு காலத்தில் சாதாரணத் தமிழ்ப் பெயர், ஐயனாருக்கும் அதே பெயர். நாங்கள் சாஸ்தா என்று கும்பிடுவது அவரைத்தான். அந்தச் சாத்தனே ஊர்ப்பெயரில் இருக்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

எங்க பக்கம் புதுசா ரெண்டு பேர் பேச ஆரம்பித்தால், கொஞ்ச நேரத்தில் "அண்ணாச்சி, உங்களுக்கு சாஸ்தா எங்க?" என்ற கேள்வி வந்துவிடும். சென்னையிலும் மும்பையிலும் கடை வைத்திருப்பவர்கள் பங்குனி உத்திரத்துக்கு அந்தக் கோவிலைத் தேடி வருவார்கள். சாஸ்தாவுக்குச் சைவப் படையல். அதே வளாகத்தில் சற்றுத் தள்ளி நிற்கும் சுடலைக்கோ கிடாய். கிடாய் வெட்டும்போது பல கோவில்களில் சாஸ்தாவின் முன்னால் திரை போட்டுவிடுவார்கள். இதே குடும்பம் திருச்செந்தூரில் முருகனுக்கு அர்ச்சனை செய்யும். தசராவுக்கு மாலை போட்டு விரதம் இருந்து, காளி வேஷம் கட்டிக் காணிக்கை பிரித்து, குலசேகரன்பட்டினம் முத்தாரம்மனிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும். இதில் முரண் இருப்பதாக யாருக்கும் தோன்றியதில்லை.

முரண் எழுத்தில்தான் வருகிறது. சாத்தான்குளத்துக்குத் தெற்கே, அதிகத் தூரமில்லாத இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல், 1849இல் திருநெல்வேலிச் சாணார்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். இவர்களுடைய வழிபாடு பிராமண மதம் அல்ல, பேய் வழிபாடு என்பது அவர் முடிவு. ஆட்டம், பலி, சாமி வந்து குறி சொல்லுதல் எல்லாவற்றையும் கூர்ந்து பார்த்து எழுதியிருக்கிறார். ஆனால் ஆடுகிறவன் எந்தக் கதைக்கு ஆடுகிறான் என்று கேட்கவில்லை. அந்த நூல் நாடார்களிடம் உண்டாக்கிய கோபம் பல பத்தாண்டுகள் அடங்கவில்லை.

இரண்டாவது பிரதி ஒரு தீர்ப்பு. சுவாமிநாராயண சத்சங்கிகள் தங்களை இந்துக்கள் அல்ல என்று சொல்லித் தொடுத்த வழக்கில், 1966இல் நீதிபதி கஜேந்திரகட்கர் திலகரின் வரையறையை எடுத்துக்கொண்டார். வேதங்களை மதித்து ஏற்பது, முக்திக்குப் பல வழிகள் உண்டென்று ஒப்புவது, கும்பிடத்தக்க தெய்வங்கள் பல என்று அறிவது. அந்தத் தீர்ப்பால் தலித்துகளுக்குக் கோவில் கதவு திறந்தது, அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனாலும் கொடை நடக்கும் ராத்திரியில் வேதத்தை யாரும் தேடுவதில்லை, முக்தியையும் கேட்பதில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல், திருட்டுப்போன நகை, வராத மழை, இவைதான் கேள்விகள்.

மூன்றாவது, தொ. பரமசிவன். 'நான் இந்துவல்ல, நீங்கள்?' என்ற அவருடைய சிறுநூல் என் தலைமுறை வாசகர்கள் பலருக்கு முதல் அதிர்ச்சி. நாட்டார் தெய்வங்கள் வைதிக அமைப்பின் கிளைகள் அல்ல, தமக்கென்று தனி நியாயம் உள்ளவை என்று அவர் எழுதியதற்குப் பிறகுதான் எங்கள் சாமிகளைக் கூச்சப்படாமல் பேச முடிந்தது. ஆனால் அவர் போட்ட கோடு கால்டுவெல் போட்ட கோட்டின் மேலேயே விழுகிறது. கால்டுவெல் எதைத் தாழ்வென்றாரோ அதைத் தொ.ப. உயர்வென்றார். இந்தப் பக்கம் சுடலை, அந்தப் பக்கம் சிவன் என்ற பிரிப்பு மட்டும் மாறவில்லை.

வில்லுப்பாட்டோ அப்படிப் பிரிக்கவில்லை. பாடுபவருக்குப் பாடுபவர் மாறினாலும் சுடலைமாடன் கதையின் எலும்புக்கூடு ஒன்றுதான். கைலாசத்தில் பார்வதி பிள்ளை வரம் கேட்கிறாள். விளக்குச் சுடரிலிருந்து மாடன் பிறக்கிறான். சுடுகாட்டுப் பிணவாடை மூக்கில் ஏற, ராத்திரி எழுந்துபோய்ப் பிணம் தின்கிறான். அதன் பிறகு கைலாசத்தில் அவனுக்கு இடமில்லை. சிவன் வரங்களோடு பூமிக்கு அனுப்பிவைக்கிறார். பிள்ளை பிள்ளைதான், ஆனால் வீட்டுக்குள் வைத்துக்கொள்ள முடியாது. பங்கு உண்டு, அதை வெளியே வாங்கிக்கொள்ள வேண்டும். சாஸ்தா முன்னால் விழும் திரைக்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எந்த அறிமுகப் புத்தகத்திலும் வாசித்ததில்லை. 'சுடலை இந்துவா, இல்லையா?' என்று நாம் மல்லுக்கட்டுகிறோம். பிறந்த வீடு எது, வெளியேற்றியது யார், எதற்காக என்று அந்தக் கதை எப்போதோ சொல்லிவிட்டது.

ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1988இல் வெளியான ஆய்வில் வில்லுப்பாட்டுக் கதைகளை இரண்டு வகையாகப் பார்த்தார்: தெய்வமாகவே பிறந்தவர் கதை, கொலையுண்டு தெய்வமானவர் கதை. எனக்கு இரண்டாவது வகைதான் முக்கியம். முத்துப்பட்டன் பிராமணன், சக்கிலியப் பெண்கள் இருவரை மணந்தவன், மாடு திருட வந்தவர்களோடு மோதிச் செத்தவன். நா. வானமாமலை பதிப்பித்த இந்தக் கதையைக் கர்மக் கணக்கில் வைத்துப் பாருங்கள், அவன் சாவுக்குப் போன பிறவியில் காரணம் தேட வேண்டிவரும். வில்லுப்பாட்டு அப்படித் தேடாது. கர்மம் கணக்கைச் செத்தவன் பேரில் எழுதுகிறது. வில்லுப்பாட்டு அதைக் கொன்றவன் பேரிலும், பார்த்துக்கொண்டு நின்ற ஊரின் பேரிலும் எழுதுகிறது. கொன்றவர்களின் வாரிசுகளே கொல்லப்பட்டவரைக் கும்பிடும் கோவில்கள் தென்மாவட்டங்களில் உண்டு. கொடை என்ற சொல்லுக்கே கொடுப்பது என்றுதான் அர்த்தம், பாக்கி இருப்பதால் கொடுக்கிறார்கள்.

2020 ஜூனில் ஒரு தந்தையும் மகனும் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் வதைக்கப்பட்டு இறந்தார்கள். அவர்கள் கிறிஸ்தவர்கள், அவர்களை எந்தச் சாமிக் கதையிலும் நான் சேர்க்கவில்லை. ஊரைப் பற்றித்தான் சொல்கிறேன். கடைகளை அடைத்துவிட்டு நியாயம் கேட்ட அந்த ஊர், 'விதி' என்று சொல்லி முடித்துக்கொள்ளவில்லை. அநியாயச் சாவு முடிந்துபோன விஷயமல்ல என்பது இந்த மண்ணில் மதம் தாண்டிய ஒரு நம்பிக்கை. அடிப்படைக் கோட்பாடுகளின் பட்டியலில் அதற்கு ஒரு வரிகூடக் கிடையாது.

அதற்காக நாட்டார் தெய்வம் என்றாலே சமத்துவம் என்று நம்பிவிட வேண்டாம். இணையத்தில் இந்த நம்பிக்கை அதிகமாகிவருகிறது. முதல் திருநீறு யாருக்கு, வரி யாரிடம் வாங்கலாம், மகுடம் அடிப்பவர் எங்கே நிற்க வேண்டும் என்பதெல்லாம் சாதிப்படிதான் நடந்திருக்கிறது. கதை கொலையைக் கண்டிக்கும், கொலைக்குக் காரணமான சாதியை எப்போதும் கண்டிக்காது. தொ.ப.வை வாசிப்பவர்கள் இந்த இடத்தில் அவரைவிடக் கடுமையாக இருக்க வேண்டும்.

1950ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்து 2003இல் அரசு உயிர்ப்பலியைத் தடுத்தது, எதிர்ப்புக்குப் பிறகு 2004இல் அந்தச் சட்டமே நீக்கப்பட்டது. கிடாய் திரும்பி வந்துவிட்டது. கதைதான் திரும்பி வரவில்லை. பூடம் இருந்த இடத்தில் கோபுரம், 'அருள்மிகு ஸ்ரீ சுடலைமாட சுவாமி' என்று கிரானைட் பலகை, கும்பாபிஷேகம். கைலாசத்துக்குத் திருப்பிக் கூப்பிடுகிறார்கள். ஏன் வெளியே போனான் என்பதை மட்டும் பலகையில் எழுதுவதில்லை. வில்லுப்பாட்டுக்கு ஒதுக்கும் நேரமும் சுருங்கிவருகிறது, மீதி நேரத்துக்கு ஒலிபெருக்கியில் பதிவுசெய்த பாட்டு.

அடுத்த பங்குனி உத்திரத்துக்கு ஊருக்குப் போகிறவர்கள் செல்ஃபி எடுத்த கையோடு, கோவிலில் உட்கார்ந்திருக்கும் வயசாளி யாரையாவது கேளுங்கள்: தாத்தா, இந்தச் சாமி எப்படிச் செத்தாரு? யாரு கொன்னா? அவங்க வாரிசு இன்னைக்கு எங்க இருக்காங்க?