பிபிசியின் சூப்பர் சாட்டர்டே

2012 ஆகஸ்ட் 4, லண்டன் ஒலிம்பிக்கின் எட்டாம் நாள். பிரிட்டன் அன்று 6 தங்கம் வென்றது. அவற்றில் மூன்று, ஒரே அரங்கில், முக்கால் மணி நேரத்துக்குள். பிரிட்டிஷ்காரர்கள் ‘சூப்பர் சாட்டர்டே’ என்று கொண்டாடும் அந்த நாளின் புகழ் பிபிசியின் ஒளிபரப்பின்மீதும் படிந்துவிட்டது. வென்றவர்களின் பெருமையைக் கழித்துவிட்டுத்தான் காட்டியவர்களை எடைபோட வேண்டும்.

முதலில் வரவு. பிபிசி 24 நேரலை அலைவரிசைகளைத் திறந்துவிட்டது. சாய்னா நேவால் வெண்கலம் பெற்றதும், செரீனா வில்லியம்ஸ் ஷரபோவாவை 6-0, 6-1 என்று நொறுக்கியதும் அதே நாளில்தான். எதைப் பார்ப்பது என்ற முடிவு பார்வையாளர் கைக்கு வந்தது. உரிமக் கட்டணத்தில் இயங்கும் நிறுவனம் என்பதால் விளம்பர இடைவேளையும் இல்லை. அதே ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் என்பிசி, முக்கியப் போட்டிகளை மாலை நேரத்துக்காகப் பதிவுசெய்து வைத்து, முடிவு ஊரறிந்தபின் தொலைக்காட்சியில் காட்டியது. இந்த ஒப்பீட்டில் பிபிசி வெகு தூரம் முன்னால் நிற்கிறது.

அடுத்தது உணர்ச்சி. பிரிட்டனின் மோ ஃபாரா 10,000 மீட்டரை வென்றபோது பிபிசியின் வல்லுநர்களான டெனிஸ் லூயிஸ், காலின் ஜாக்சன், மைக்கேல் ஜான்சன் மூவரும் துள்ளிக் குதித்த காட்சி பிரபலம். இதை வெறும் தேசப்பற்று என்று தள்ள முடியாது. ஜான்சன் அமெரிக்கர்; அந்த ஓட்டத்தில் இரண்டாவதாக வந்த கேலன் ரப்பும் அமெரிக்கர். முன்னாள் வீரர்கள் ஒரு பெரிய ஓட்டத்துக்குத் தந்த மரியாதை அது. வல்லுநர்களுக்கு அந்த உரிமை உண்டு.

கேள்வி கேட்பவருக்கு அது இல்லை. அன்று காலை துடுப்புப் படகுப் போட்டியில் பிரிட்டனின் மார்க் ஹன்டர், ஜாக் பர்ச்சேஸ் இணை டென்மார்க்கிடம் தோற்று வெள்ளி பெற்றது. 2008 பெய்ஜிங் சாம்பியன்களான அவர்கள், எல்லோரையும் ஏமாற்றிவிட்டதாக மன்னிப்புக் கேட்டனர். பேட்டி கண்ட பிபிசியின் ஜான் இன்வர்டேலும் கண் கலங்கினார். மனிதாபிமானம் என்று பலர் நெகிழ்ந்தனர், நெகிழலாம். ஆனால் ஒலிம்பிக் வெள்ளிக்கு ஒருவர் ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டும்? அந்தக் கேள்வியை எழுப்ப வேண்டிய இடத்தில் இருந்தவரே துக்கத்தில் கலந்துகொண்டார். தங்கம் தவிர மற்றதெல்லாம் இழப்பு என்ற மனப்போக்கை ஒளிபரப்பே உறுதிசெய்தது.

ஃபாரா வென்ற சில நிமிடங்களில் அதே தடத்தில் ஜமைக்காவின் ஷெல்லி-ஆன் ஃப்ரேசர்-பிரைஸ் 10.75 விநாடியில் 100 மீட்டர் பட்டத்தைத் தக்கவைத்தார். அவருக்கு முன் அதைச் செய்த பெண்கள் இருவரே. வேறு எந்த இரவிலும் தலைப்புச் செய்தியாகியிருக்கும் அந்த ஓட்டம், அன்று கொண்டாட்டத்தின் பின்குறிப்பாகக் கரைந்தது.

உள்ளூர் ரசிகருக்கு உள்ளூர் வெற்றிதானே முதன்மை என்று வாதிடலாம். முதன்மை தரட்டும்; அதற்காக அளவுகோலே மாற வேண்டியதில்லை. பரப்பிலும் நேர்த்தியிலும் அது முன்மாதிரி ஒளிபரப்பு. விளையாட்டு இதழியலாகப் பார்த்தால் நடுத்தரம்தான். பின்பற்ற விரும்பும் நிறுவனங்கள் அந்த 24 அலைவரிசைகளை எடுத்துக்கொள்ளட்டும், பேட்டியை விட்டுவிடட்டும்.