பிழைத்திருத்தமும் வாசிப்பும்: முதலமடைப் பகுதித் தமிழ் மாணவரின் கல்லூரி மொழித்திறன் குறித்த ஒரு திறனாய்வு

0. முன்னுரை

கல்லூரியில் சேரும் மாணவருள் ஒரு பகுதியினர், அங்கு எதிர்பார்க்கப்படும் அளவிற்குப் படிக்கவும் எழுதவும் இயலாதவராக உள்ளனர் என்பது ஆசிரியரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் குறை. இவர்களுக்கென நடத்தப்பெறும் குறைதீர் வகுப்புகளும் புதியன அல்ல. பதினோராம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் (2007-2012) பல்கலைக்கழக மானியக் குழு, பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், பிற்பட்ட வகுப்பினர், சிறுபான்மையினர் ஆகியோருக்கான குறைதீர் பயிற்சிக்கு நிதி வழங்கியது. கேரளத்தில் 2024இல் தொடங்கிய நான்காண்டுப் பட்டப்படிப்பிலும் மொழிப்பாடங்கள் திறன் மேம்பாட்டுப் பாடங்கள் என்னும் பெயரில் இடம்பெறுகின்றன.

இத்தகைய பயிற்சிகள் பெரும்பாலும் ஒரு கருத்தை அடிப்படையாகக் கொண்டவை. மாணவரிடம் உள்ள பிழைகளைக் கண்டு நீக்கினால் அவர் நன்கு எழுதுவார் என்பதே அக்கருத்து. அது எந்த அளவிற்குப் பொருந்தும் என்பதைக் கேரள எல்லைப்புறத் தமிழ் மாணவரின் மொழிச்சூழலைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. இவர்களுக்கு முதலில் வேண்டுவது கல்லூரி உரைநடையை வாசிக்கும் பயிற்சி என்பதும், பிழைத்திருத்தம் அதன்பின் வரவேண்டியது என்பதும் இங்கு முன்வைக்கப்படும் கருத்தாகும்.

1. களம்

முதலமடை பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி அமைந்த ஊராட்சி. மாந்தோப்புகளால் பெயர்பெற்றது. பாலக்காடு - பொள்ளாச்சி இருப்புப்பாதையில் உள்ளது. இவ்வூராட்சியைச் சேர்ந்த பரம்பிக்குளத்திற்குச் செல்வோர், சேத்துமடை வழியாகத் தமிழ்நாட்டிற்குள் புகுந்து செல்லும் வழக்கம் நெடுங்காலமாக உள்ளது. மாநில எல்லை வேறு, மக்களின் நடமாட்டம் வேறு என்பதற்கு இதுவே சான்று.

1956 நவம்பர் 1இல் மொழிவழி மாநிலம் அமைந்தபோது சித்தூர் வட்டமும், இடுக்கிப் பகுதியின் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களும் கேரளத்தில் அடங்கின. அங்குள்ள தமிழர் மொழிச் சிறுபான்மையினர் ஆயினர். அதே ஆண்டு அரசியலமைப்பில் சேர்க்கப்பெற்ற 350அ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்கும் வசதி வேண்டும் என்கிறது. தொடக்க நிலைக்குமேல் அது பேசவில்லை. எனினும் கேரளத்தில் பத்தாம் வகுப்புவரை தமிழ்வழியில் பயிலவும் தேர்வெழுதவும் இயல்கிறது. அதன்பின் வழி மாறுகிறது. மேல்நிலை வகுப்பில் ஆங்கில நூல்களும் மலையாளத்தில் விளக்கமும், கல்லூரியில் ஆங்கில நூல்களும் ஆங்கிலத் தேர்வும் வந்துசேர்கின்றன. 1947இல் தோன்றிய சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த்துறை உண்டு. ஆயினும் வரலாறோ வணிகவியலோ பயில வரும் மாணவர்க்குத் தமிழ் ஒரு மொழிப்பாடம் மட்டுமே.

ஆகவே இம்மாணவர் வீட்டில் பேச்சுத்தமிழ், பள்ளி நூலில் எழுத்துத்தமிழ், கடையிலும் பேருந்திலும் மலையாளம், கல்லூரி நூலில் ஆங்கிலம் என நான்கு மொழிநிலைகளுக்கிடையே இயங்குகின்றனர். பேச்சும் எழுத்தும் விலகி நிற்கும் இரட்டை வழக்கு தமிழுக்கு உண்டு என்பதைப் பெர்குசன் 1959இலேயே சுட்டியுள்ளார். இங்கோ அதன்மேல் மேலும் இரு மொழிகள் ஏறி நிற்கின்றன.

2. பிழையை முதன்மைப்படுத்தும் முறை

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 1970இல் பள்ளியிறுதி முடித்த நகர மாணவர் அனைவருக்கும் இடமளிக்க முன்வந்தது. அவ்வாறு சிட்டி கல்லூரிக்கு வந்த மாணவர் எழுதிய நுழைவுக் கட்டுரைகளுள் ஏறத்தாழ 4,000ஐ மினா ஷாக்னெசி ஆராய்ந்து, 1977இல் 'பிழைகளும் எதிர்பார்ப்புகளும்' என்னும் பொருள்படும் தலைப்பில் நூலாக வெளியிட்டார். இம்மாணவரின் பிழைகள் கவனக்குறைவாலோ அறிவுக்குறைவாலோ நேர்ந்தவை அல்ல, அவற்றுக்கு ஓர் உள்ளொழுங்கு உண்டு என்பது அந்நூலின் சிறந்த பங்களிப்பு. ஆயினும் நூலின் பெரும்பகுதி பிழையைப் பற்றியதாகவே அமைந்துவிட்டது என்னும் குறை பின்வந்தோரால் கூறப்பட்டது. அக்குறை நம் குறைதீர் வகுப்புகளுக்கு இன்னும் மிகுதியாகப் பொருந்தும். பிழைக்குப் பின்னுள்ள ஒழுங்கை நம் வகுப்புகள் தேடுவதே இல்லை.

பின்வரும் தொடர் விளக்கத்திற்காக அமைக்கப்பட்டது:

(1) இப்பகுதியில் வாழும் மக்களின் வாழ்க்கை முறை மாறிவிட்டார்கள்.

திணைவழு, எண்வழு எனக் குறித்து ஆசிரியர் பயனிலையை அடிப்பார். ஆனால் இத்தொடரை எழுதியவர் செய்ய முயன்றது என்ன? பேச்சில் 'மக்கள் மாறிட்டாங்க' என்பது போதும். எழுத்தில் அவர் 'மக்களின் வாழ்க்கை முறை' என்னும் பெயர்த்தொடரை எழுவாயாக்க முயல்கிறார். தொடரின் தலைச்சொல் 'முறை'. அதற்கு முன்னுள்ள 'மக்கள்' பயனிலையைத் தன்பால் இழுத்துவிட்டது. உயர்ந்த அமைப்பொன்றைக் கையாள முயன்றதால் நேர்ந்த பிழை இது. 'மக்கள் மாறிவிட்டார்கள்' என்று மட்டும் எழுதி நிறுத்தியவரின் தாளில் சிவப்புக் கோடு விழாது. பிழையை எண்ணி மதிப்பிடும் முறை முயன்றவரைத் தண்டித்து முயலாதவரைக் காக்கிறது. மாணவர் இதை விரைவில் உணர்ந்துகொள்கின்றனர். இரண்டாம் பருவத்தில் அவர்தம் தொடர்கள் குறுகிவிடுவதை முன்னேற்றம் எனக் கொள்வதற்கில்லை.

எழுத்துப்பிழையிலும் இத்தகைய பார்வைக் குறைவைக் காணலாம். ர-ற, ல-ள-ழ மயக்கங்களுக்கு மலையாளச் சூழலைக் காரணமாகக் கூறுவோர் உளர். உண்மை இதற்கு மாறானது. தமிழ்ப் பேச்சு வழக்குகள் பலவற்றில் மறைந்த இவ்வேறுபாடுகளை மலையாளப் பேச்சு இன்றும் காத்துவருகிறது. 'கர' என்றால் கரை, 'கற' என்றால் கறை. 'மணம்' வேறு, 'மனம்' வேறு. 'மழ', 'வழி' ஆகியவற்றில் ழகரம் தெளிவாக ஒலிக்கும். நாள்தோறும் மலையாளம் கேட்கும் முதலமடை மாணவர்க்கு இவ்வேறுபாடு செவிவழியே கிடைத்துள்ள செல்வம். ஐயம் வரும்போது இணையான மலையாளச் சொல்லை நினைத்துப்பார்க்கச் சொன்னால் பல இடங்களில் எழுத்துத் தெளிவாகும். எல்லாச் சொல்லுக்கும் இது உதவாது. எனினும் தடையெனக் கருதப்பட்டதொன்று துணையாதல் கருதத்தக்கது.

3. கல்லூரி உரைநடையின் அமைப்பு

மாணவர்க்குக் கடினமாக இருப்பது எது? பின்வரும் இரண்டையும் ஒப்பிடலாம்:

(2) நிலத்துக்கு அடியில் நீர் இறங்கிக்கொண்டே போகிறது. அதனால் மா மரங்கள் முன்போல் காய்ப்பதில்லை.

(3) நிலத்தடி நீர்மட்டத்தின் தொடர் வீழ்ச்சி மா விளைச்சல் குறைவிற்கு வழிவகுக்கிறது.

(2)இல் இரு நிகழ்ச்சிகள் இரு வினைகளாக நிற்கின்றன. காரணத்தை 'அதனால்' காட்டுகிறது. (3)இல் நிகழ்ச்சிகள் 'வீழ்ச்சி', 'குறைவு' எனப் பெயர்களாகிவிட்டன. காரணத் தொடர்பு 'வழிவகுக்கிறது' என்னும் வினையாகிவிட்டது. இம்மாற்றத்தை ஹாலிடே (1985) இலக்கண உருவகம் என்பார். அறிவியல், சமூகவியல் நூல்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இந்நடையிலேயே எழுதப்படுகின்றன. தோப்பில் வேலை செய்யும் குடும்பத்தைச் சேர்ந்த மாணவர்க்கு (2) கூறும் செய்தி நன்கு தெரிந்தது. (3)ஐப் படித்ததும், தாம் அறிந்த செய்தியே அது என அவர் உணர்வதில்லை. குறைதீர் வகுப்பு இத்தகைய தொடரை அவருக்குக் காட்டுவதுமில்லை. 'எளிய பகுதி' என்னும் பெயரில் பள்ளி நிலைக் கதைகளையே மீண்டும் தருகிறது. கடினமானதை விலக்கிவைப்பதால் அது எளிதாகிவிடாது.

மேலும், தமிழ்த்தொடரில் எச்சங்களும் அடைகளும் முன்வர, முற்றுவினை இறுதியில் வரும். ஆங்கிலத்தில் வினை எழுவாயை அடுத்து வர, விரிவுகள் பின்தொடரும். தமிழில் இறுதிவரை பொருளைத் தாங்கிச் சென்று படிக்கும் பழக்கம் ஆங்கிலத்தில் வேறுவகையில் அமையவேண்டும். இதனை ஒருவரும் மாணவர்க்கு வெளிப்படையாகக் கற்பிப்பதில்லை.

4. ஒரு கருத்து, மூன்று பெயர்

எல்லைப்புற மாணவரின் வாசிப்பைத் தடுக்கும் மற்றொரு காரணம் கலைச்சொல். இது மொழிபெயர்ப்பாளர் கருதவேண்டியது. தமிழில் 'ஒளிச்சேர்க்கை' எனப்படுவது மலையாளத்தில் 'பிரகாச சம்ஸ்லேஷணம்', கல்லூரியில் 'போட்டோசிந்தசிஸ்'. தமிழின் 'ஆற்றல்' மலையாளத்தில் 'ஊர்ஜம்', 'அரசியலமைப்பு' 'பரணகடன'. மூன்றும் ஒரே கருத்தைக் குறிப்பன என்று கூறுவாரின்றி, மாணவர் ஒன்றையே மும்முறை புதிதாகக் கற்கின்றனர்.

ஒலியொப்புமையால் வரும் மயக்கம் இதனினும் கடுமையானது. மலையாளத்தில் 'ஜனாதிபத்யம்' என்பது மக்களாட்சி. தமிழில் 'ஜனாதிபதி' என்பது குடியரசுத் தலைவர். அவரை மலையாளம் 'ராஷ்ட்ரபதி' என்னும். தமிழறிவைக் கொண்டு மலையாள விளக்கத்தைக் கேட்பவர், மக்களாட்சியைத் தலைவரின் ஆட்சியாகக் கொள்ள இடமுண்டு. 'அவசரம்' தமிழில் விரைவு, மலையாளத்தில் வாய்ப்பு. 'உபந்யாசம்' தமிழில் சமயச் சொற்பொழிவு, மலையாளத்தில் கட்டுரை. இத்தகையோரின் விடைத்தாளில் காணும் குழப்பத்தைச் சிந்தனைக் குழப்பம் எனத் தீர்மானிப்பதற்குமுன் சொல்வரலாற்றை நோக்கவேண்டும்.

2008இல் தொடங்கிய தேசிய மொழிபெயர்ப்புப் பணித்திட்டம் உயர்கல்வி நூல்களை இந்திய மொழிகளில் கொணர்வதை நோக்கமாகக் கொண்டது. அத்தகைய நூல்களின் தமிழ் வாசகர் தமிழ்நாட்டில் மட்டும் வாழ்பவர் என்னும் எண்ணம் தளரவேண்டும். நூலிறுதியில் தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றிலும் சொல்லடைவு தருவது பெருஞ்செலவுடையதன்று. எல்லைப்புற மாணவர்க்கு அதன் பயன் பெரிது.

5. திறன்மாற்றக் கருதுகோளும் அதன் எல்லையும்

முதல்மொழியில் பெற்ற கல்விசார் மொழித்திறன் இரண்டாம் மொழிக்கும் துணையாகும் என்பது ஜிம் கமின்ஸ் 1979இல் முன்வைத்த கருதுகோள். அன்றாட உரையாடல் திறன் வேறு, கல்விசார் மொழித்திறன் வேறு என்றும் அவர் பகுத்தார். தமிழில் (3) போன்ற தொடரைப் பிரித்தறியக் கற்றவர் ஆங்கிலத்திலும் அதனைச் செய்யக்கூடும் என்பது இதிலிருந்து பெறத்தக்கது. கல்லூரியில் தமிழை இலக்கியம் கற்பிக்கும் பாடமாக மட்டும் நிறுத்தாமல், பிற துறை நூல்களைப் படிப்பதற்கான பயிற்சிக்களமாகவும் ஆக்குவதற்கு இது வலுவான காரணம்.

ஆனால் 'முதல்மொழி' எது என்னும் வினா முதலமடையில் எளிதன்று. இரவாளர் பழங்குடியினர் தமிழோடு நெருங்கிய தமக்கேயுரிய பேச்சுடையவர். அருந்ததியர் குடும்பங்களிடையே தெலுங்கோ கன்னடமோ வீட்டுமொழியாக இருப்பதுண்டு. இவர்களுக்குத் தமிழே பள்ளியில் பெற்ற மொழி. அவர்களைத் 'தமிழ்வழி மாணவர்' என ஒரே தொகுதியாகக் கொண்டு கருதுகோளைப் பொருத்துவது முறையாகாது. கமின்சின் பகுப்பு, கல்விசார் திறனில்லாதாரைக் குறையுடையோராகக் காட்டுகிறது என்னும் மறுப்பும் ஆய்வாளரிடையே உண்டு. பகுப்பை ஏற்கும்போது இம்மறுப்பையும் நினைவிற்கொள்ளல் வேண்டும்.

6. பயிற்சிக்கான சில நெறிகள்

மேற்கண்டவற்றிலிருந்து பின்வரும் நெறிகளைப் பரிந்துரைக்கலாம்.

(அ) மாணவர் அறிந்த பொருள் பற்றிக் கல்லூரி நடையிலேயே அமைந்த பகுதியைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் இணையாகப் படிக்கச் செய்தல். நிலத்தடி நீர், மா வணிகம், தோட்டத் தொழில் ஆகியவை பொருத்தமான பொருள்கள்.

(ஆ) பெயராக்கத் தொடரை வினைத்தொடராக விரித்தலும், வினைத்தொடரைப் பெயராக்கத் தொடராகச் சுருக்கலும். (3)ஐ (2)ஆக்கத் தெரிந்தவரே பின்னர் (2)ஐ (3)ஆக்கவும் இயலும். (1)இல் கண்ட வழு இப்பயிற்சியில் தானே வெளிப்படும். தலைச்சொல் எது என்னும் வினாவை மாணவரே எழுப்புவர்.

(இ) மும்மொழிக் கலைச்சொற் குறிப்பேடு ஒன்றை மாணவரே தொகுத்தல்; ஒலியொத்துப் பொருள் வேறுபடும் சொற்களைத் தனியே குறித்தல்.

(ஈ) படித்த பகுதி குறித்து ஒரு பத்தி எழுதுதல். அதில் நூலாசிரியர் கூற்று எது, தம் கூற்று எது என்பது விளங்கவேண்டும். 'என்கிறார்', 'எனக் கருதப்படுகிறது', 'எனலாம்', 'என்பது பொருந்தாது' என என்-வினையடியாகத் தமிழில் அமைந்த வடிவங்கள் இதற்கு மிகவும் ஏற்றவை. கல்லூரியின் பேச்சுமுறைக்குள் தம்மை ஓர் உரிமையாளராக நிறுத்திக்கொள்வதே புதிய மாணவரின் இடர் என்பது பார்த்தலமே (1985) காட்டிய கருத்து. அவ்வுரிமை மொழியளவில் தோன்றும் இடங்களுள் ஒன்று இவ்வடிவங்கள்.

(உ) பிழைத்திருத்தம் இரண்டாம் வரைவிற்குப் பின் தொடங்குதல். ஒருமுறை ஒருவகைப் பிழையை மட்டும் எடுத்துக்கொள்ளுதல்.

தேர்வில் பிழைக்கு மதிப்பெண் குறையும்போது அதனைப் பின்தள்ளுவது மாணவர்க்குத் தீங்காகாதா என வினவலாம். இவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வருவோர்க்கு ஒரு பாடத்தில் தவறுவது படிப்பையே நிறுத்தும் காரணமாகக்கூடும். ஆனால் இங்குக் கூறப்படுவது பிழையைப் பொருட்படுத்தாமை அன்று, அதன் முறைவைப்பு. எழுதுவதற்குக் கருத்தும், அதனைத் தாங்கும் தொடரமைப்பும் வாய்த்த பின்னரே திருத்தத்திற்குப் பொருளுண்டு. வினாவையே படித்துணர இயலாதவர் வழுவின்றி எழுதியும் பயனில்லை.

7. முடிவுரை

'ஆயத்தமின்மை' என்னும் சொல் மாணவரை மட்டும் சுட்டுவதாக வழங்குகிறது. பத்தாண்டு தமிழில் படிக்கச் செய்து, பின்னர் அத்தமிழைத் துணைக்கொள்ளாமல் ஆங்கில நூலைக் கையில் தரும் கல்விமுறையும் அம்மாணவர்க்கு ஆயத்தமாக இல்லை. கலைச்சொற்களை மாநில எல்லைக்குள் நிறுத்திக்கொண்ட மொழிபெயர்ப்பும் அவ்வாறே. முதலமடை மாணவர் நான்கு மொழிநிலைகளை நாள்தோறும் கையாள்பவர். அவற்றுக்கிடையே அவர் செய்யும் ஒப்பீடு ஒரு மொழியியலாரின் பணிக்கு மிக அணித்தானது. அதனை வகுப்பறையில் வெளிப்படையாகச் செய்யவைக்கும் பாடநூல் ஒன்று இப்பகுதிக்கென எழுதப்படவேண்டும். அதனை எழுதத் தமிழாசிரியர், மலையாள ஆசிரியர், ஆங்கில ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர் ஆகிய நால்வரும் ஒருங்கே அமரவேண்டும்.