பவாபுரோ (ஜப்பானிய பேஸ்பால் விளையாட்டு): ஒரு மதிப்பீடு

பவாபுரோ என்பது ஜப்பானின் கொனாமி நிறுவனம் வெளியிட்டுவரும் பேஸ்பால் வீடியோ விளையாட்டு வரிசை. இதன் முழுப்பெயர் 'ஜிக்யோ பவாஃபுரு புரோ யாக்யூ'. 'ஜிக்யோ' என்றால் நேர்முக வர்ணனை, 'யாக்யூ' என்றால் பேஸ்பால். முதல் விளையாட்டு 1994-ஆம் ஆண்டு மார்ச் மாதம் சூப்பர் ஃபேமிகாம் கருவிக்காக வெளிவந்தது. கேலிச்சித்திரம் போன்ற உருவங்களும் வேடிக்கையான கதைகளும் இவ்வரிசையின் அடையாளங்கள். உழைப்பு, ஓய்வு, காலம் ஆகிய மூன்றையும் இந்த வேடிக்கைக்குள் எவ்வாறு கணக்கில் கொள்கிறது என்பதை வைத்தே இதை மதிப்பிட வேண்டும்.

உருவமும் ஆட்டமும்

பவாபுரோ வீரர்களுக்குப் பெரிய உருண்டைத் தலை, சிறிய உடல். கால்கள் இல்லை, பாதங்கள் மட்டும் உடலிலிருந்து பிரிந்து தரையில் நிற்கும். முதல் பார்வையில் இது சிறு குழந்தைகளுக்கான விளையாட்டு என்று தோன்றும். ஆடத் தொடங்கியதும் அந்த எண்ணம் மாறிவிடும். எறியப்படும் பந்து வந்து சேரும் இடத்தை நொடிப் பொழுதில் கணித்து, திரையில் உள்ள குறியை அங்கே நகர்த்தி, சரியான கணத்தில் மட்டையை வீச வேண்டும். குறி சற்றே மேலே இருந்தால் பந்து தரையில் உருளும். சற்றே கீழே இருந்தால் வானில் எழுந்து கைப்பிடியாகிவிடும். வளைந்தும் திடீரெனத் தாழ்ந்தும் வரும் பந்துகளைப் பழகிக்கொள்ளப் பல நாள் ஆகும்.

உருவத்தை எளிமையாக்கியதால் ஒரு நன்மையும் உண்டு. முகச்சுருக்கம், சட்டை மடிப்பு போன்றவற்றில் பார்வை சிதறாமல் பந்தின் மீதே நிற்கிறது.

சக்சஸ் முறை

1996-இல் வந்த மூன்றாம் பதிப்பில் 'சக்சஸ்' என்ற முறை சேர்க்கப்பட்டது. ஆடுபவர் தமக்கென ஒரு வீரரை உருவாக்கி வளர்க்க வேண்டும். அந்த முதல் கதையில் அவ்வீரர் ஒரு தொழில்முறை அணியின் இரண்டாம் நிலைக் குழுவில் இடம் பெற்று, முதன்மை அணிக்கு உயர முயல்கிறார். பின்வந்த பதிப்புகளில் உயர்நிலைப் பள்ளியும் பல்கலைக்கழகமும் கதைக்களங்களாயின.

இதன் விதி எளியது. ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு செயலைத் தேர்ந்தெடுக்கலாம்: பயிற்சி, ஓய்வு, ஊர் சுற்றல், மருத்துவமனை. பயிற்சி செய்தால் திறன் வளரும், உடல் வலு குறையும். வலு குறைந்த நிலையிலும் பயிற்சியைத் தொடர்ந்தால் காயம் ஏற்படும். காயம் பட்டால் பல வாரங்கள் வீணாகும். மனநிலைக்கும் தனி அளவு உண்டு. சோர்ந்த மனத்துடன் ஆடினால் ஆட்டமும் சோரும். ஓய்வை உழைப்பின் ஒரு பகுதியாக ஏற்றுக்கொண்டவரே இதில் நல்ல வீரரை உருவாக்க முடியும்.

ஜப்பானியப் பள்ளி பேஸ்பாலின் வரலாற்றோடு வைத்துப் பார்த்தால் இவ்விதியின் பொருள் இன்னும் தெளிவாகும். 1998-ஆம் ஆண்டு கோடைக்கால கோஷியென் போட்டியில் மட்சுசாகா டைசுகே என்ற பள்ளி மாணவர் 17 சுற்றுகள் நீடித்த ஒரே ஆட்டத்தில் 250 பந்துகள் எறிந்தார். 2018 கோடைப் போட்டியில் யோஷிதா கோசெய் என்ற மாணவர் மொத்தம் 881 பந்துகள் எறிந்தார். நாடே அவர்களைப் பாராட்டியது. ஆனால் வளரும் பிள்ளைகளின் தோள் என்னாகும் என்ற கேள்வியும் உடன் எழுந்தது. ஒரு வாரத்தில் ஒருவர் 500 பந்துகளுக்கு மேல் எறியக் கூடாது என்ற வரம்பு 2020-இல்தான் வந்தது. களைத்த உடலை மேலும் வருத்தினால் காயம் வரும் என்பதை பவாபுரோ 1996-லேயே விதியாக வைத்திருந்தது.

வேடிக்கை மனிதர்கள்

சக்சஸ் கதைகளில் இருவர் மறக்க முடியாதவர்கள். ஒருவர் யபே அகியோ. தடித்த கண்ணாடி அணிந்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் 'தே யான்சு' என்று முடிக்கும் நண்பர். வேகமாக ஓடுவார், பெரும் புகழ் அவருக்கு எளிதில் வாய்ப்பதில்லை. கதைதோறும் உடன் வந்து வெற்றியையும் தோல்வியையும் பகிர்ந்துகொள்வார்.

மற்றவர் டாக்டர் டைஜோபு. 'டைஜோபு' என்றால் 'ஒன்றும் ஆகாது' என்று பொருள். கொச்சையான ஜப்பானிய மொழியில் பேசியபடி எதிர்பாராமல் தோன்றி, அறுவை செய்தால் திறன் பெருகும் என்பார். பலித்தால் வீரர் ஒரே நாளில் உயர்வார். பலிக்காவிட்டால் மாதக்கணக்கில் சேர்த்த திறன் சரிந்துவிடும். குறுக்குவழியின் கவர்ச்சியையும் அபாயத்தையும் எந்த அறிவுரையும் இல்லாமல் இக்காட்சி காட்டுகிறது. மருத்துவரின் பெயரே கேலியாக அமைந்திருப்பது பொருத்தம்.

எய்கான் நைன்

2008-இல் வந்த பதினைந்தாம் பதிப்பில் 'எய்கான் நைன்' என்ற முறை அறிமுகமானது. வரிசையின் மிகச் சிறந்த பகுதி இதுவே. இங்கே ஆடுபவர் வீரர் அல்லர். ஓர் உயர்நிலைப் பள்ளி அணியின் பயிற்றுநர். ஜப்பானின் 47 மாகாணங்களுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். பரமபதம் போன்ற கட்டங்களில், கையில் கிடைத்த சீட்டின் எண்ணுக்கேற்ப நாள்கள் நகரும். நீலக் கட்டம் நன்மை தரும், சிவப்புக் கட்டம் துன்பம் தரும். போட்டி வந்ததும் கட்டளை மட்டுமே இடலாம். ஓங்கி அடி, பொறுத்து ஆடு என்று சொல்லலாம். மட்டையை வீசுவது மாணவர்தான். சொல்லிக் கொடுத்துவிட்டுக் கைகட்டி நிற்கும் ஆசிரியரின் தவிப்பை இந்த அமைப்பு அப்படியே தருகிறது.

மாணவர்கள் ஏப்ரலில் சேர்கிறார்கள். மூன்றாம் ஆண்டுக் கோடைப் போட்டி முடிந்ததும் அணியிலிருந்து விடைபெறுகிறார்கள். எவ்வளவு திறமையானவராக இருந்தாலும் நிறுத்திவைக்க முடியாது. முதலாண்டில் பந்தைக் கோட்டைவிட்ட மாணவர் மூன்றாம் ஆண்டில் அணியைத் தாங்குவார். அவர் முழுமை பெறும் நேரத்தில் புறப்பட்டுவிடுவார். பொம்மை உருவங்கள் மீது பற்று உண்டாவது இந்தக் கால வரம்பினால்தான்.

மாணவர்களின் குணமும் ஆட்டத்தைப் பாதிக்கிறது. கோஷியென் மைதானத்தில் ஒரு பூதம் குடியிருக்கிறது, அதனால்தான் அங்கே எதிர்பாராத பிழைகள் நேர்கின்றன என்பது ஜப்பானியர் வழக்கு. அண்மைப் பதிப்புகளில் அந்தப் பூதத்தை அழைக்கும் உத்தி கூச்ச குணம் உள்ள மாணவருக்கே உரியது. அதைப் பயன்படுத்தினால் எதிரணி தடுமாறும். வாய் திறக்காத பிள்ளையிடமும் ஆட்டத்தைத் திருப்பும் ஆற்றல் உண்டு என்பது நகைச்சுவை வழியாகவே சொல்லப்படுகிறது.

குறைகள்

வீரர்களின் திறன்கள் பலவும் எழுத்துத் தரங்களால் குறிக்கப்படுகின்றன. இதனால், 'ஜி' பெற்ற மாணவரைத் திரும்பிப் பாராமல் 'ஏ' பெற்றவரையே தேடும் பழக்கம் ஆடுபவருக்கு எளிதில் வந்துவிடும். புகழ்பெற்ற தொழில்முறை வீரர்கள் எய்கான் நைனில் மாணவர்களாக மறுபிறப்பெடுத்து வரும் வசதியும் இதை வளர்க்கிறது. அப்படி ஒருவர் வரும்வரை காத்திருப்போர் சாதாரண மாணவரை வளர்க்கும் இன்பத்தை இழக்கிறார்கள்.

2014-இல் வெளிவந்த கைப்பேசி வடிவத்தில் குறை இன்னும் பெரிது. அங்கே துணைக் கதாபாத்திரங்கள் குலுக்கல் முறையில் கிடைக்கிறார்கள். குலுக்கலுக்குப் பணமும் செலவிடலாம். டாக்டர் டைஜோபுவை வைத்துக் குறுக்குவழியைக் கேலி செய்த விளையாட்டே குறுக்குவழியை விலைக்கு விற்கிறது.

மதிப்பீடு

பவாபுரோ ஜப்பானுக்கு வெளியேயும் சென்றிருக்கிறது. 2007-இல் அமெரிக்க அணிகளுடன் ஒரு பதிப்பு வந்தது. 2023 ஜூன் மாதம் சிங்கப்பூரில் நடந்த ஒலிம்பிக் மின்விளையாட்டு நிகழ்வில் பேஸ்பாலுக்கு இவ்வரிசையின் விளையாட்டே பயன்பட்டது. ஆனால் அங்கெல்லாம் முன்னிற்பது பந்தடிக்கும் திறமை. இவ்வரிசையின் உயிர், வளர்க்கும் பகுதிகளில் இருக்கிறது.

புதிதாகத் தொடங்கும் மாணவர்கள் எய்கான் நைனில் பெயர் தெரியாத ஒரு சிறு பள்ளியின் அணியை எடுத்துக்கொண்டு, மூன்று ஆண்டுகளையும் பொறுமையாக ஆடிப் பார்ப்பது நல்லது. தரம் குறைந்த மாணவர் ஒருவரையாவது அணியில் வைத்து வளர்த்தால், அவர் விடைபெறும் கோடையில் இவ்விளையாட்டின் மதிப்பு விளங்கும்.