கயிற்றை மறைத்துப் பாருங்கள்

இலங்கையின் புத்தளம் மாவட்டத்து உடப்புக் கரையில் கரைவலை இழுபடும்போது நிற்பவர்கள் எல்லோருடைய கண்ணும் மீன் சேரும் வலையின் மடி எப்போது வரும் என்பதிலேயே இருக்கும். மனித உருவத்தை நேரில் பார்த்து வரையப் பழகுகிறவரும், அப்படி வரைந்த படத்தை ரசிக்க விரும்புகிறவரும் மீனை மறந்துவிட வேண்டும். பார்க்க வேண்டியவை இழுப்பவர்களின் இடுப்பும் குதிகாலும்.

பெருநகர ஓவியக் கல்லூரிகளில் ஒருவரை மேடையில் நிறுத்தி, சுற்றி அமர்ந்து வரைவார்கள். அவர் அசையமாட்டார். உடப்பில் யாரும் நமக்காக நிற்கப்போவதில்லை. ஆனால் ஒரே நிலை திரும்பத் திரும்ப வருகிறது. கல்லூரி மேடையில்கூடக் கிடைக்காத வசதி இது. வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டில் ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் சேர்ந்து ஏற்றுப் பாடும்போது உடல்கள் எல்லாம் ஒன்றாகப் பின்னால் சாய்கின்றன. அடுத்த அடிக்குள் தளர்கின்றன. சாயும்போது பாருங்கள், தளரும்போது வரையுங்கள். இப்போது தவறிய கோடு அடுத்த அடியில் கிடைத்துவிடும். பாட்டையே கடிகாரமாக வைத்துக்கொண்டு வரைய உலகத்தில் எத்தனை பேருக்கு வாய்க்கும்!

தேட வேண்டியது எடை. ஒரு காலில் பாரம் போட்டுச் சும்மா நிற்பவரை முதலில் கவனியுங்கள். பாரம் தாங்கும் பக்கத்து இடுப்பு உயர்ந்திருக்கும், அதே பக்கத்துத் தோள் தாழ்ந்திருக்கும். தொண்டைக்குழியிலிருந்து மேசனின் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டால், அது பாரம் தாங்கும் காலின் கணுக்காலருகே வந்து நிற்கும். இதைப் பிடித்துவிட்டால் முகமே வரையாத உருவமும் நிலத்தில் நிற்கும். பிடிக்காவிட்டால், கண் இமைவரை வரைந்தாலும் உருவம் காற்றில் மிதக்கும்.

கரைவலை இழுப்பவரிடம் இந்தக் கணக்கு மாறிவிடுகிறது. அவருடைய தூக்குக்குண்டு குதிகாலுக்கும் பின்னால், வெறும் மணலில் விழும். அவரை விழாமல் வைத்திருப்பது கயிறு மட்டும்தான். ஆகவே இப்படி ஒரு படம் கையில் கிடைத்தால், கயிற்றை விரலால் மறைத்துப் பாருங்கள். அந்த மனிதர் மல்லாந்து விழப்போகிறார் என்று நெஞ்சு பதற வேண்டும். பதறாவிட்டால் வரைந்தவர் இழுப்பைப் பார்க்கவில்லை. கயிறு பிடித்து நிற்கும் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறார்.

சென்னை மெரினாவில் 1959இல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலையையும் இப்படியே பார்க்கலாம். அதில் நான்கு பேர் நகர்த்தும் பாறையை மனதில் அழித்துவிட்டு, அவர்களை மட்டும் பாருங்கள். அதைச் செய்த தேவிபிரசாத் ராய் சௌத்ரி சென்னை ஓவியப் பள்ளியின் முதல் இந்திய முதல்வர். அந்தப் பள்ளியின் காவலாளி ஒருவரே சிலைக்கு நின்றவர்களில் ஒருவர் என்பார்கள். பெருவிரலில் தொடங்கும் விசை கெண்டைக்கால், தொடை, முதுகு என்று ஏறிக் கைக்குப் போகிறது. சிலையைக் கீழிருந்து மேலாகப் பார்த்தால்தான் இந்த ஓட்டம் பிடிபடும்.

இனி வெளிச்சம். உடப்புக்குக் கிழக்கே முந்தல் களப்பு, மேற்கே கடல். காலை வெயில் தரைப்பக்கமிருந்து வருகிறது. இழுப்பவர்கள் கடலைப் பார்த்து நிற்கிறார்கள். எனவே முழு வெளிச்சமும் முதுகில். மேல் சட்டையில்லாமல், சாரத்தை மடித்துக் கட்டியவரின் தோள்பட்டை எலும்பு நகர்வதையும், முதுகெலும்பின் பள்ளம் வளைவதையும் எந்த உடற்கூற்றுப் புத்தகமும் இத்தனை தெளிவாகக் காட்டாது. மாலையில் அதே ஆட்கள் கடலின் ஒளிக்கு எதிரே இருண்ட வடிவங்களாகிவிடுவார்கள். அப்போது உள் விவரத்தை விட்டுவிட்டு, கைக்கும் விலாவுக்கும் நடுவே தெரியும் வானத்துண்டின் வடிவத்தை வரையுங்கள். அது சரியானால் கை தானாகவே சரியாகிவிடும்.

நிறத்தில்தான் நம்மவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். கறுத்த மேனிக்குக் கறுப்புச் சாயத்தைக் குழைப்பது பெரும் அநியாயம். வியர்த்த கரிய தோளில் வானத்தின் நீலம் விழுகிறது; மணலில் பட்டுத் திரும்பும் வெயில் தாடையின் அடியிலும் நெஞ்சிலும் செம்மஞ்சளாக ஏறுகிறது. வெளிறிய தோலைவிடக் கரிய தோல் சுற்றுப்புறத்தின் நிறத்தைக் கூர்மையாக வாங்கிக்கொள்ளும் என்பது என் உறுதியான எண்ணம். புத்தளம் உப்பளத்தில் இது இன்னும் வியப்பு: வெளிச்சம் தரையிலிருந்து மேலே எழும்புவதால், குனிந்து உப்பு வாருபவரின் முகத்தில் நிழல் விழ வேண்டிய இடமெல்லாம் வெளுத்துக் கிடக்கும்.

இந்தக் கரிய மேனியை மதித்து வரைந்தவர் இலங்கை ஓவியர் டேவிட் பெயின்டர் (1900–1975). லண்டன் ராயல் அகாடமியில் பயின்று வந்தவர். கண்டி திரித்துவக் கல்லூரி ஆலயச் சுவரில் அவர் தீட்டிய சிலுவைக் காட்சி கண்டல் காட்டுக்குள் நடக்கிறது. அதன் முன் நின்றால் கற்பிட்டிக் களப்போரம் வளர்ந்தவருக்கு அந்த வேர்கள் அந்நியமாகத் தோன்றா. 1943இல் கொழும்பில் உருவான '43 குழு என்ற ஓவியர் குழுவின் ஐவன் பீரிஸ் போன வழி வேறு. இங்கிலாந்தில் குடியேறிய பிறகும் இலங்கைக் கரையையே நினைவிலிருந்து வரைந்தார். அவருடைய மனிதர்களில் தசை குறைவு, நிற்கும் விதம் மட்டும் மிஞ்சியிருக்கும். அக்குழுவினரின் படைப்புகளைக் கொழும்பு பார்ன்ஸ் பிளேஸில், ஹரி பீரிஸ் வாழ்ந்த வீட்டில் இயங்கும் சபுமல் நிறுவனத்தில் பார்க்கலாம். பெயின்டரின் சுவரையும் ஐவன் பீரிஸின் கரையையும் அடுத்தடுத்துப் பார்ப்பவருக்கு, நேரில் கண்ட உடலும் நினைவில் தங்கிய உடலும் எங்கே பிரிகின்றன என்பது தெரியவரும்.

நீங்களே வரையப்போனால் ஒரு கொப்பியும் மெல்லிய பென்சிலும் போதும். வெளிக்கோட்டில் தொடங்க வேண்டாம். தலையிலிருந்து ஊன்றிய குதிகால்வரை ஒரே இழுப்பில் ஒரு கோடு; அதன் குறுக்கே தோளுக்கொரு கோடு, இடுப்புக்கொரு கோடு. அந்த மூன்றும் நிற்காதவரை கையையும் முகத்தையும் தொடாதீர்கள்.

தாமதிக்கவும் வேண்டாம். இலங்கையின் பல கரைகளில் உழவு இயந்திரத்தில் பூட்டிய வின்ச் வலையை இழுக்கத் தொடங்கிவிட்டது. வின்ச் வந்த இடத்தில் அம்பாவுக்கு வேலையில்லை, பின்சாயும் அந்த உடலும் இல்லை. தென்மேல் பருவக்காற்று அடங்கி மேற்குக் கடல் தணிந்திருக்கும் மாதங்களில் போங்கள்.

போனதும் முதலில் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியிடம், “ஐயா, இருந்து கொஞ்சம் வரையலாமா?” என்று கேளுங்கள். வேண்டாம் என்று தலையசைப்பவரை வரையாதீர்கள். வலை ஏறி, மீன் பிரித்து முடிந்ததும் கொப்பியை இழுத்தவர்களிடமே கொடுங்கள். எந்தக் கை முன்னால் வரும், கயிறு விலாவில் எங்கே உராயும், வலை கனத்து வரும்போது முழங்கால் எவ்வளவு மடியும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். பிழையான இடத்தில் விரலை வைப்பார்கள். அந்த இடத்தில் ஒரு புள்ளியிட்டு வைத்துக்கொண்டு, அடுத்த வலைக்கு அங்கிருந்தே தொடங்குங்கள்.